நாற்பத்தோராம் தாங்கி

முஹர்ரக்கில் மே மாதப் பகலில் யாரும் அளப்பதில்லை.
காலையில் சொன்ன நீளத்தை
மதியம் மாற்றிச் சொல்லும் இரும்பு.
அதனால் அதிகாலை மூன்றரைக்கு
டோட்டல் ஸ்டேஷனை நிறுத்தி
ஒற்றைக் கண்ணை மூடுகிறார் குல்ஸமான்.

நூற்றெண்பத்திரண்டு மீட்டர்.
நடுவில் தூண் கிடையாது.
இரண்டு விமானங்கள் இறக்கை உரசாமல்
படுத்துக்கொள்ள ஒரு கூரை.
இந்த நிமிடம்வரை அதைக் கீழிருந்து பிடித்திருப்பவை
அறுபத்துநான்கு தாங்கிக் கோபுரங்கள்.

வேண்டுமென்றே மேல்நோக்கி வளைத்துக் கட்டினோம்,
நடுவில் இருநூற்றுப் பதினான்கு மில்லிமீட்டர்.
தாங்கிகளை விட்டதும் அவ்வளவு தொய்யும்,
தொய்ந்தால் மட்டம்.
அந்த எண் என்னுடையது.
ஏழு மாதம், மூன்று கணினி மாதிரிகள்,
சரிபார்த்தவரின் பச்சை மைக் கையெழுத்து.
அதை நான் சந்தேகித்ததில்லை,
செவ்வாய்க்கிழமை வரை.

செவ்வாய் மதியம்
டம்பர் தாமி என்னை மேலே கூப்பிட்டான்.
நாற்பத்தோராம் தாங்கியின் தலையில்
கூரைக்கும் ஜாக்கிக்கும் நடுவே
ரொட்டி சுற்றிவந்த காகிதத்தை நுழைத்து
அந்தப் பக்கம் இழுத்துக் காட்டினான்.
'மேடம், சோட் தியா.'
விட்டுவிட்டது.

மேல்கட்டை வெயிலில் நீண்டு
முதுகு உயர்த்தி
நாங்கள் அனுமதிப் படிவம் நிரப்புமுன்பே
ஒரு காகிதத்தின் கனம் எழுந்து நின்றிருந்தது.
மாலை ஆறரைக்குத் திரும்ப உட்கார்ந்தது.
ஐம்பது டன். சத்தமே இல்லை.

இப்போது விசில்.
ஒரு விசிலுக்கு நடுவில் ஐந்து மில்லிமீட்டர்,
ஓரத்தில் ஒன்று.
ஓரத்தை அவசரப்பட்டு விட்டால்
நடுக்கோபுரம் எல்லாப் பாரத்தையும் வாங்கி மடங்கும்.
எண்பது பேர்,
ஐந்து மொழிகளில் 'இறக்கு'.

தெற்கு முனை உருளைகள்
கடல் பக்கம் பதினொரு மில்லிமீட்டர் நகர்ந்தன.
மணல் புகாமல் சுற்றிய பிளாஸ்டிக்கில்
'தொடாதே' என்று யாரோ மலையாளத்தில் எழுதியிருந்தார்கள்.

நாற்பத்திரண்டாவது விசிலில்
கடைசித் தாங்கியும் காற்றைத் தொட்டது.
குல்ஸமான் தலை நிமிரவில்லை.
'தோ சௌ சே.'

இருநூற்றாறு.

கைகுலுக்கினார்கள்.
நல்ல திசையில் தப்பு என்றார் கன்சல்டன்ட்.
குறைவாகத் தொய்ந்த கூரையை
யாரும் கேள்வி கேட்பதில்லை.
மீதி எட்டு மில்லிமீட்டர் என்னிடமே இருக்கிறது.
தாராளமாகத் திரும்பும் என்று நான் எழுதிக்கொடுத்த
இணைப்புகள் சில
கொஞ்சம் பிடிவாதம் பிடித்திருக்கும்.
எவை என்று தெரியாது.
ஆறாயிரத்து நானூறு இருக்கின்றன.

வெளிச்சம் வருகிறது.
கோபுரங்கள் ஒன்றையும் தாங்காமல் நிற்கின்றன,
பஸ் போன பிறகும் நிற்கிறவர்கள் மாதிரி.

ஜாக்கியை முழுக்க இறக்கிய நாற்பத்தொன்றில்
டம்பர் காகிதம் தேடவில்லை.
கையையே நுழைக்கிறான்,
முழங்கைவரை.

வெளியே எடு என்று கத்துகிறேன்.

என் கணக்குப்படி அது பாதுகாப்பானதுதான்.
இருந்தாலும்.