எத்தனை செல்

கள்ளக் கையெழுத்துக்காக உள்ளே வந்தவன் நான்.
அதனால் இந்தச் சிறையில் மனு எழுதுபவனும் நானே.
மேல்முறையீட்டுக்கு இரண்டு சிகரெட்,
கருணை மனுவுக்குப் பாதி சோப்பு.
அருஷாவுக்கு எழுத என்ன கூலி என்று
லுஹெண்டே கேட்டபோது திகைத்தேன்.
அதற்கு விலை கேட்டவர் அதுவரை யாருமில்லை.

செய்தாயா என்று நான் கேட்கவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.
எந்த உரிமை மீறப்பட்டது?
இதற்குத்தான் கட்டம்.
அவன் நெடுநேரம் யோசித்துச் சொன்னான்:
டார்ச்சில் எத்தனை செல் என்று
யாருமே கேட்கவில்லை.

கெய்ட்டா சாலையில் கடை உடைந்த இரவு
கடைக்காரன் அடித்த டார்ச்சில் தெரிந்தது
இவன் முகமாம். வேறு சாட்சி இல்லை.
இரண்டு செல்லா, மூன்றா,
புதுசா, வெயிலில் காயவைத்து மறுபடி போட்டதா,
எத்தனை எட்டுத் தூரம்,
பிடித்த கை நடுங்கியதா,
பக்கத்தில் ஒரு கறுப்புக் கோட்டு நின்றிருந்தால்
கேட்டிருக்கும்.
நின்றிருந்தது காவலர் மட்டும்.

குறுக்கு விசாரணை உண்டா என்றார் நீதிபதி.
சுவாஹிலி இவனுக்கு மாட்டுச் சந்தை அளவுக்கு.
பெரியவர்கள் பேசி முடித்ததும் சொல்வதைச் சொன்னான்:
'சரிங்க.'
என்னைப் போன்ற எவனோ அழகாக எழுதியிருக்கிறான்:
எதிரி தரப்பில் கேள்வி ஏதும் இல்லை.

அந்தக் கட்டு முழுக்க அவன் எதிரி.
முதல் எதிரி, மேற்படி எதிரி.
நான் எழுதிய தாளில் மனுதாரர்.
அந்தச் சொல்லை மட்டும்
விரலால் தடவிப் பார்த்தான்.
பிறகு மையில் தோய்த்த அதே விரலை
அடியில் ஊன்றினான்.
என் வாழ்நாளில் நான் அனுப்பிய
அசல் கையெழுத்து அது ஒன்றுதான்.

ஐந்து மழைக்காலம்.
மின்ஸா படகேறி மூன்று முறை வந்தாள்,
பிறகு கருவாடு மட்டும் வந்தது,
பிறகு அதுவுமில்லை.

தீர்ப்பு முப்பத்தெட்டுப் பக்கம்.
வாசித்து வாசித்து மொழிபெயர்த்தேன்.
வக்கீல் வைத்துத் தராதது உரிமை மீறல்.
மனுதாரருக்கு அரசு தரவேண்டியது
மூன்று லட்சம் ஷில்லிங்.
அடையாளம் கண்டதில் வெளிப்படையான பிழை
ஏதும் புலப்படவில்லை.
விடுதலைக் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

ஜெயித்துவிட்டோமா, என்றான்.
ஆமாம் என்றேன்.
எப்போது போகலாம், என்றான்.
இன்னும் பதினேழு வருடம் என்றேன்.
மூன்று லட்சத்துக்கு மாடு வருமா?
முன்னங்கால் வரை வரும்.
அன்றைக்கு வக்கீல் வந்திருப்பாரா?
நான் தாளை மடித்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவும் தலை எண்ண வந்தார்கள்.
வார்டர் சிமியூவின் டார்ச்
பாய் பாயாக ஊர்ந்து வந்து
என் கண்ணில் நின்றது.
'லுஹெண்டே, காலை மடக்கிப் படு.'
மடக்கிக்கொண்டேன்.

எதிர் மூலையில், இருட்டில்,
இத்தனை வருடத்தில் முதல்முறை
அவன் சிரிப்பதைக் கேட்டேன்.
எழுதிக்கோ, என்றான்.
மூணு செல். புதுசு.