நாற்பத்தேழு பாகை

ஒனொராத்துவை நான் பார்த்ததில்லை.
அவன் கோபுரத்துக்கும் என் கோபுரத்துக்கும் நடுவே
பன்னிரண்டு கிலோமீட்டர் யூகலிப்டஸ்,
போர்ச்சுகலின் ஆகஸ்ட் வெயில்,
கரகரக்கும் ஒரு வயர்லெஸ்.

மதியம் இரண்டேகால். நூலிழையாய்ப் புகை.
"என் பக்கம் அறுபத்திரண்டு" என்றேன்.
இருமிவிட்டு, "எழுபத்தொன்று" என்றான்.
மிச்சம் நாற்பத்தேழு:
எங்கள் பார்வைகள் இரண்டும்
முட்டிக்கொள்ளும் மூலை.

முக்கோணத்துக்குப் பாரபட்சம் தெரியாது.
எந்தப் பக்கத்தையும்
அதன் எதிர்க்கோணத்தின் சைனால் வகுத்துப் பார்,
மூன்றுக்கும் ஒரே ஈவு.
பன்னிரண்டை நாற்பத்தேழின் சைனால் வகுத்து
எழுபத்தொன்றின் சைனால் பெருக்கினேன்,
பென்சில் வியர்வையில் வழுக்க.
பதினைந்தரை.

வரைபடத்தில் அந்தப் புள்ளி
என் நாத்தனார் லுசிந்தாவின் கொல்லை.
இன்று செவ்வாய். ரொட்டி சுடுவாள்.
"அடுப்புப் புகைதான்" என்று சொல்லிவிட்டேன்,
"வண்டி வேண்டாம்."

கால் மணி கழித்து அவன்:
"எதற்கும் இன்னொரு தரம் அளப்போமா?"

அவனுக்கு அதே எழுபத்தொன்று.
எனக்கு அறுபத்துமூன்று.
கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன்.
அறுபத்துமூன்றுதான்.

தூரத்து மூலை ஒரு பாகை ஒடுங்கிவிட்டது.
என் பக்கம் பதினாறை நெருங்குகிறது.

அடுப்பு நடக்காதே, ஒனொராத்து.