முக்கால் தொட்டி

ஈசூனில் மலை கிடையாது.
பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் சரிவுப்பாதைதான்.
ஞாயிறு விடியுமுன்
காலி டிரெய்லரை ஆறாம் தளம்வரை
இழுத்துப் பார்த்தோம்.

பின்னால் எடுக்கும்போது
இடப்பக்கம் ஒடித்தால் வலப்பக்கம் போகிறது.
"உங்களை மாதிரியே" என்றாள் வாசுகி,
டார்ச்சை என் கண்ணில் அடித்தபடி.

இப்போது சாப்பாட்டு மேசையில் கணக்கு:
புக்கிட் தீமாவை ஒன்பது தடவை
ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் கேமரன்.
கூடாரம் பதினொரு கிலோ. அடுப்பு நாலு.
அவள் எடையைக் கேட்கவில்லை.
உட்லண்ட்ஸ் தாண்ட முக்கால் தொட்டி பெட்ரோல்.
இறங்கும்போது ரிங்லெட்டில் நிறுத்தி
பிரேக்கை ஆறவிட வேண்டும்.

"குறுகின வளைவில் எதிரே லாரி வந்தா?"

பென்சில் நின்றது.
ஒருவர் இறங்கிப்போய்
பின்னால் நின்று கைகாட்ட வேண்டும்,
பள்ளத்துப் பக்கமாக.

யார் என்று இன்னும் எழுதவில்லை.