வில்லுக்குப் பூசியது

மிகாவா விரிகுடா ஓரத்தில்
தூண்டில்புழு விற்கிறாள் ஹிசானோ.
விடியுமுன் மரத்தூளுக்குள் கைவிட்டு
நெளிபவற்றைப் பத்துப் பத்தாக எண்ணிப்
பொட்டலம் கட்டுவாள்.
செத்தவை வாசலுக்கு.
ஈக்கள் வரும். நக்கும்.
இரண்டடி நடந்து
மல்லாந்துவிடும்.
துறை முழுக்கத் தெரிந்த சங்கதி.
யாரும் பெயர் வைக்கவில்லை,
பெருக்கித் தள்ளினார்கள், அவ்வளவுதான்.

பெயர் பிற்பாடு வந்தது
மருமகனின் நெல்வயலுக்கு வாங்கிய பையோடு,
உள்ளே மடித்த தாளில், எறும்பெழுத்தில்:
நெரெயிஸ்டாக்சின்.
புழுவிலிருந்து கண்டெடுத்ததாம்.

கூட்டுறவுக் கடை மொரோசுமியிடம்
ஒரு தடித்த அகராதி உண்டு,
குறுக்கெழுத்துக்காக மேசைக்கடியில் வைத்திருப்பது.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்:
கிரேக்கரின் கடலில் ஒரு கிழவன்,
அவனுக்கு ஐம்பது மகள்கள்,
அவர்களில் ஒருத்தி நெரெயிஸ்.
பின்னால் எவனோ ஒருவன்
புழுவுக்குச் சூட்டிவிட்டான்.

ஹிசானோ தன் விரல்நுனிகளைப் பார்த்தாள்.
ஒரு நாளைக்கு எத்தனை மகள்கள்.

எழுதும் என் காதுக்கோ
அந்தப் பெயரில் நீர் கேட்கிறது.
உறவு என்று எந்த அகராதியும் ஒப்பவில்லை.
ஆனாலும் ஒவ்வொரு முறையும் நனைகிறது.

"டாக்சின்?"
"வில்."
"நஞ்சு இல்லையா?"
"முதலில் வில்தான். அம்புமுனையில் பூசுவதை
வில்மருந்து என்றிருக்கிறார்கள்.
வாய்மாறி வாய்மாறி
மருந்து உதிர்ந்துபோனது.
வில் தனியே நின்று நஞ்சானது."

"இதில் ஈ எங்கே?"
மொரோசுமி பக்கத்தைப் புரட்டினார்,
திரும்பவும் முன்பக்கம் வந்தார்.
ஈ இல்லை.
ஈ விழுந்ததை முதலில் கண்டவர்களும் இல்லை.
யாரோ யூரியா கேட்டு மணியடித்தார்கள்.

அவள் பையைத் தூக்கித் திருப்பினாள்.
மேலே, கட்டைவிரல் பருமனில்,
வயல்மருந்து என்று அச்சு.
"உதிர்ந்தது இங்கே வந்து கிடக்கிறது பாருங்கள்"
என்று கடைக்காரருக்குக் காட்டினாள்.
அவர் யூரியா நிறுத்துக்கொண்டிருந்தார்.

இரவு, ஊறுகாய் முள்ளங்கியைக் கடித்தபடி
மருமகனிடம் சொன்னாள்:
உன் வயலில் இன்று
வில்லேந்திய பெண்கள் ஐம்பது பேர் இறங்கியிருக்கிறார்கள்,
தண்டுக்குள் ஒளிந்த புழுவைத் தேடி.
கடல்புழுவின் மக்கள், நெற்புழுவின் மேல்.

கிண்ணத்திலிருந்து தலை நிமிராமல்
அவன் சொன்னான்:
முகமூடி போட்டுத்தான் தெளித்தேன்.