படத்தில் இல்லாத வயர்

ஹாரனை அமுக்கினால் வைப்பர் அசைகிறது.
பிரேக்கை மிதித்தால்
டேஷ்போர்டு விளக்கு மங்கி, யோசித்து, மறுபடி எரிகிறது.
"எல்லாம் ஒரிஜினலா வேணும் பாய்" என்றார் திம்மராயன்.
ஐம்பத்து நான்காம் வருஷத்து ஆஸ்டின் பிக்கப்.
கிருஷ்ணகிரி பழையபேட்டையில் என் ஷெட் வரைக்கும்
டிராக்டரில் கட்டி இழுத்து வந்திருந்தார்.

முதல் வாரம் முழுக்க உரித்தேன்.
கறுப்பு டேப்புக்கு அடியில் சிவப்பு டேப்,
அதற்கடியில் சைக்கிள் டியூப் வெட்டிய வளையம்,
அதற்கும் கீழே யாரோ சுற்றிய கோணி நூல்.
பம்ப்செட்டு வயர். ரேடியோ வயர்.
கல்யாணப் பந்தல் சீரியல் செட்டிலிருந்து ஒரு பச்சை.
ராயக்கோட்டை ரோட்டிலோ தொப்பூர் இறக்கத்திலோ
பல்லில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு
வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று
மழையில் போட்ட முடிச்சுகள்.
திட்ட மனசு வரவில்லை.
ஒன்றிரண்டைத் திட்டினேன்.

எலி தின்றது போக மிச்சம் இருந்ததுதான் அசல்:
தாமிரத்துக்கு மேல் ரப்பர், ரப்பருக்கு மேல் பருத்திப் பின்னல்.
மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் நிறம் எழும்.
பழுப்பு, பேட்டரியிலிருந்து வருவது.
வெள்ளை, சாவி திருப்பியதும் விழிப்பது.
நீலம் முன்விளக்குக்கு, சிவப்பு வால்விளக்குக்கு.
கறுப்பு பாடியில் போய் இறங்கும்;
இந்த வண்டிக்கு பாடிதான் பாசிட்டிவ்.
தப்பு என்று நினைத்து எவனோ மாற்றியிருக்கிறான்.
அன்று முதல் சார்ஜ் ஏறும்போதெல்லாம்
இறங்குகிறது என்று காட்டிவந்திருக்கிறது ஆம்மீட்டர்.

நூல் வயர் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் கிடைத்தது,
அலங்கார விளக்குக் கடையில்.
உள்ளே கம்பி தலைமுடி கனம், முன்விளக்குக்கு ஆகாது.
பின்னலை மட்டும் உருவித் தடித்த கம்பிக்கு மாட்டினோம்,
தலையணைக்கு உறை போடுகிற மாதிரி.

பன்னிரண்டாம் நாள் சீட்டைக் கழற்றினேன்.
நான்காய் மடித்த வயரிங் படத்தில் இல்லாத ஒரு வயர்
வால்விளக்குச் சிவப்பிலிருந்து பிரிந்து,
தரை மேட்டுக்கு அடியில் ஊர்ந்து,
ஹேண்ட்பிரேக்குக்குப் பின்னால்
ஒரு பித்தளை ஸ்விட்சில் முடிந்தது.
முறுக்கிவிட்ட வேலை இல்லை.
ஈயப்பற்று முத்து முத்தாக நின்றது.
மூன்று விரலுக்கு ஒரு நூல்கட்டு.
வண்டி மொத்தத்திலும் அத்தனை சுத்தமான கைவேலை
கம்பெனி போட்டதிலும் இல்லை.

தட்டினேன்.
முன்னால் வெளிச்சம் அப்படியே.
பின்னால் சிவப்பும் நம்பர்பிளேட் விளக்கும் போய்விட்டன.
"அஞ்செட்டிக் காட்டுக்கா பாய்?" என்றான் அமீர்ஜான்.
ஸ்பேனரை எடுத்துவரச் சொன்னேன்.

திம்மராயன் வந்தார், குனிந்து பார்த்தார்.
"எங்கப்பா மாங்காதான் ஏத்தினார்."
நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.
மாங்காய் இரண்டு மாசம், போனால் மூன்று.
மீதி மாசங்களைப் பற்றி
அங்கே நின்ற மூன்று பேரும் பேசவில்லை.
கூழ் ஃபேக்டரிக்குப் போகிற லாரி ஒன்று
இனிப்பு நாற்றத்தோடு கடந்தது.
"படத்துல இல்லல்ல?"
"இல்ல."
"அப்ப ஒரிஜினல் கிடையாது. எடுத்துருங்க."

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது போன்.
"எடுத்துட்டீங்களா?"
"இன்னும் இல்ல."
"சரி."
மறுநாளும் அதே கேள்வி, அதே சரி.
மூன்றாம் நாள் டைனமோவைப் பற்றிக் கேட்டார்.

எல்லாம் படத்தின்படி முடித்தேன்.
ஹாரன் ஹாரனாகவே இருந்தது.
ஆம்மீட்டர் ஏற்றத்தை ஏற்றம் என்றது.
அந்த ஒன்றை மட்டும் தூசி தட்டி,
இருந்த இடத்திலேயே விட்டேன். பில்லில் எழுதவில்லை.

பொழுது சாய்ந்து எடுத்துப் போனார்.
ஷெட் வாசலில் நின்று பார்த்தோம்.
ரவுண்டானாவுக்குக் கொஞ்சம் முன்னால்
சிவப்பு அணைந்தது.
"ஃபியூஸ் பாய்!" என்று ஓடப் பார்த்தான் அமீர்ஜான்.
சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.
ஏழு வரை எண்ணியிருப்பேன்.
மறுபடி எரிந்தது.