தலைமேல் இரண்டு புள்ளி

கெமி. காகித ஆலை. இரவுப் பணி.
வெளியே மைனஸ் இருபத்தேழு.
உருளைகளை எடைபோடும் பழைய திரையில்
திறக்கக் கூடாத கோப்பு ஒன்றைத்
திறந்துவிட்டேன்.

மணி அடித்தது. குப்பை ஓடியது.
நடுவில் எங்கோ பதினான்காம் எண் பைட் ஒன்று
சத்தமில்லாமல் கடந்திருக்க வேண்டும்:
அடுத்த வரியிலிருந்து
சின்ன எழுத்தெல்லாம் சுவர்.

க்யூ படுத்துக்கொண்டது. எக்ஸ் நட்டுக்கொண்டு நின்றது.
ஜே, கே, எல், எம் நாலும்
ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டன.
பெரிய எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, எண்களுக்கும்.
4471, 2312 கிலோ,
பக்கத்து வீடு எரிவதைப் பார்த்து நிற்பவர்கள் மாதிரி.

"அணைத்துத் தொலை" என்றான் தைஸ்தோ.
எப்படி அணைப்பது?
தராசு இதன் வழியாகத்தான் பேசுகிறது,
உருளைகள் வந்துகொண்டே இருக்கின்றன.

ரௌனோவுக்கு போன் போட்டேன். சவுனாவில் இருந்தான்;
கல்லில் தண்ணீர் சீறுவது கேட்டது.
"ரீசெட் என்று அடி. ஐந்தே எழுத்து. பிறகு என்டர்."
"என்ன அடிக்கிறேன் என்றே தெரியாதே."
"உனக்கு எதற்குத் தெரியணும்? அதற்குத் தெரியும்."

அடித்தேன்.
ஒரு தாழ்ந்த கோடு.
ஏதோ ஒரு பொடி.
இன்னும் தாழ்ந்த கோடு.
மறுபடி அதே பொடி.
கடைசியில், வலப்பக்கம் கை நீட்டிய கம்பம்.

இதையா எழுதினேன்?
கண் இல்லை என்றது. விரல் ஆமாம் என்றது.
வாயில் நுழையாத அந்த வார்த்தையோடு
என்டரைத் தட்டினேன்.

திரை கறுத்தது.
மேல் இடது மூலையில் ஒரு கட்டம் துடித்தது.
பிறகு எழுத்துகள், வாசிக்கும்படி.

தைஸ்தோ காபி ஊற்றப் போனான்.
பணியாளர் பெயர் என்ற இடத்தை
அப்போதுதான் பார்த்தேன்.
என் பெயர் சேதே. ஒளிக்கதிர் என்று பொருள்.
தலைமேல் உள்ள இரண்டு புள்ளியை எடுத்துவிட்டால்
எங்கள் மொழியில் அது மழை.
திரையில் மழைகூட இல்லை:
புள்ளி எழுத்து இருந்த இடத்தில்
நெளிந்த அடைப்புக்குறி ஒன்று, திறந்தபடி.

பிறந்த நிலைக்குத் திரும்பு என்றேன், திரும்பிவிட்டது.
பிறந்தபோது அதற்கு ஃபின்னிஷ் தெரியாது.

கிடங்குக்கு ஓடி 4473-ஐத் தடவிப் பார்த்தேன்.
ஒட்டுச்சீட்டில் சேதே, இரண்டு புள்ளியோடு.
அச்சுப்பொறியிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

திரும்பி வந்து மெனுவில் இறங்கினேன்.
ஆறாவது வரியில் ஃபின்னிஷ்.
புள்ளிகள் வந்து உட்கார்ந்தன.
காபி ஆறியிருந்தது.
4474.