குறுக்குக் கோடு

துறைமுகத்தில் எனக்குக் கணக்கு வேலை.
கன்டெய்னர் இறங்க இறங்க
நாலு கோடு நிற்கும், ஐந்தாவது படுக்கும்.
இருபத்தோரு வருஷம். விரல் தானாகப் போடுகிறது,
சாவு வீட்டு மாலைகளுக்குக்கூட.

கொருக்குப்பேட்டை, ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்,
பம்பு அறையில் சனிக்கிழமைக் கூட்டம்.
பியூலா ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து
மேசைமேல் வைத்தாள்.
"எங்கூட்டுக் கொழா. காலைல அஞ்சே கால்."
மஞ்சள். அடியில் ஒரு விரற்கடை கறுப்பு.

சாம்பசிவம் சார் பாட்டிலைப் பார்க்கவில்லை.
பியூலாவைப் பார்த்தார்.
"நீங்க வரி கட்டி எத்தனை வருஷம் ஆச்சும்மா?"
கேஸ் பில்லின் முதுகில் முதல் கோடு.
வரி கட்டாதவள் வீட்டுக்கு வரும்போது
தண்ணீர் தானாக மஞ்சளாகிவிடுமா
என்று யாரும் கேட்கவில்லை. நானும்.

குப்புராஜ் எழுந்தான்.
"எண்ணூர்ல போய்ப் பாருங்க, சாம்பல்ல சோறு துன்றாங்க.
நமக்கு இன்னா கொறச்சல்?"
கைதட்டினார்கள். கோடு.
எண்ணூர் பாவம்,
எவன் வீட்டு அழுக்கைத் தள்ளவும்
அதைத்தான் துடைப்பமாக இழுக்கிறார்கள்.

"எங்கப்பா இதே தண்ணியக் குட்ச்சிதான்
எம்பத்தெட்டு வரிக்கும் இருந்தாரு."
டீக்கடை ஜக்கரியா.
அந்த அப்பாவோடு பிறந்த ஏழு பேரில்
ஐந்து பேர் பத்து வயதைத் தாண்டவில்லை.
போன வாரம் அவரேதான் சொன்னார்,
பன்னுக்கு ஜாம் தடவிக்கொண்டே.

"அப்போ கவர்மென்ட்டே உங்களுக்கு வெஷம் வெக்குதுன்றீங்க?"
பியூலா அப்படிச் சொல்லவே இல்லை.
ஆனால் சொல்லாததற்கு அவள் பதில் சொல்லத் தொடங்கியதும்
சொன்னது மேசையிலிருந்து நழுவி
நாற்காலிக் காலடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

இந்தத் தெருவைத் தோண்டினால் அடுத்த தெரு கேட்குமாம்,
அப்புறம் தண்டையார்பேட்டை கேட்குமாம்,
கடைசியில் மெட்ராஸையே தூக்கி நிறுத்தணுமாம்.
"இத்தக் குடி, இல்ல லாரிக்கு நில்லு.
மூணாவது இன்னா கீது?"
மூணாவது பாட்டிலுக்குள் இருந்தது.
மூடியை யாரும் திறக்கவில்லை.

எட்டரைக்குக் கலைந்தோம்.
மூன்று கட்டு, மேலே இரண்டு.
சம்பளம் வாங்கினாற்போல் இருந்தது எனக்கு.

கேட் போட்டிருந்தார்கள். கூட்ஸ் போய்க்கொண்டே இருந்தது.
பில்லை நீட்டினேன். பியூலா எண்ணினாள்.
"பதினேழு. அழகாத்தான் கீது.
அவங்க தப்பாப் பேசுனதால
பைப்பு ஒடஞ்சிருக்குன்னு ஆயிடுமாண்ணா?
எனக்கே தெரியாது.
யாராவது ஒர்த்தர் மோந்து பாப்பாங்கன்னு வந்தேன்."
நிலக்கரிப் பெட்டிகள். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு.
"மாடி வூட்டு ஒடியாப் பசங்களப் பத்தி
நீங்க இன்னா சொன்னீங்க? அத்த எதுல போட்டீங்க?"

சொல்லியிருந்தேன்.
தை பிறந்ததும் குடிவந்தார்கள், மாசியில் நாற்றம்.
'அவனுங்க வந்தப்புறம்தான்'
என்று நான்கு பேரிடம், ஜக்கரியா டீயோடு.
எங்கள் தெருவில் பனைமரமே கிடையாது.
ஆனாலும் காக்காயை உட்கார வைத்தது நான்,
பழத்தை விழ வைத்ததும் நான்.

ஞாயிறு விடியுமுன் படியேறினேன்.
பிபூதி கதவைத் திறந்தான், வாயில் பற்பசை நுரை.
அவன் பாஷை எனக்கு வராது. குழாயைக் காட்டினேன்.
அவன் அதற்குள் காட்டத் தொடங்கியிருந்தான்,
வாளியை, வாளியின் வாய்க்குக் கட்டிய
பழைய லுங்கித் துணியை, அதில் படிந்த கறுப்பை.
இரண்டு மாதமாகக் காட்ட ஆள் இல்லாதவன் போல.

குனிந்து மோந்தேன்.
இரும்பா, சாக்கடையா,
சத்தியமாகத் தெரியவில்லை.

பேனாவை எடுத்தேன். விரல் கோட்டுக்குப் போனது. விடவில்லை.
பதினாலாம் நம்பர், மாடி. காலை ஐந்து இருபது.
நிறம் மஞ்சள். வாசனை, அந்த இடத்தைக் காலியாக விட்டேன்.
பிபூதி பாட்டிலுக்கு மூடி தேடிக்கொண்டிருந்தான்.
கீழே பியூலா வீட்டில்
பம்பு அடிக்கிற சத்தம்.